சி.ஐ.ஏ.வும் செனட்டர்களும்: கேள்வி – பதில்

இரண்டு இதழ்களுக்கு முன்னால் ஒரு பதிலில், “சி.ஐ.ஏ.வின் கடிவாளம் அமெரிக்க நாடாளுமன்றத்தின் கையில் இருக்கிறது” என்று போகிற போக்கில் எழுதியிருந்தேன். அதைப் பிடித்துக்கொண்டு நிறையப் பேர் எழுதிவிட்டீர்கள். சரி, இந்த முறை முழுக்க அதுதான். அமெரிக்காவில் நாடாளுமன்றத்துக்குக் காங்கிரஸ் என்று பெயர். நம் கட்சிப் பெயரோடு குழம்பிவிடும் என்பதால் நாடாளுமன்றம் என்றே எழுதுகிறேன். அதில் இரண்டு சபைகள்: மேல்சபையான செனட், கீழ்சபையான பிரதிநிதிகள் சபை.

கேள்வி: ஒரு உளவு அமைப்புக்கு எம்.பி.க்களோடு தினமும் என்ன பேச்சு இருக்க முடியும்? வருஷத்துக்கு ஒரு அறிக்கை கொடுத்தால் முடிந்தது, இல்லையா? (வாசகர், விருதுநகர்)

முடியாது. சி.ஐ.ஏ.வின் தலைமையகம் லாங்லியில், போட்டோமாக் ஆற்றுக்கு அந்தக் கரையில் இருக்கிறது. அங்கே நாடாளுமன்றத்தோடு பேசுவதற்கென்றே ஒரு தனி அலுவலகம் உண்டு. அந்த அலுவலகத்துக்காரர்கள் யாரையும் வேவு பார்ப்பதில்லை. அவர்கள் வேலையெல்லாம் கடிதம், போன், கூட்டம், ஆள் அனுப்புவது.

ஒரு செனட்டர் கடிதம் அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள்: இன்ன நாட்டைப் பற்றி நீங்கள் இப்படிச் சொன்னீர்களே, அதற்கு ஆதாரம் என்ன? அதைப் பதிவு செய்து, விஷயம் தெரிந்த பிரிவுக்கு அனுப்பி, அவர்கள் எழுதித் தந்ததை வக்கீல்கள் படித்து, தகவல் கொடுத்த ஆளைக் காட்டிக்கொடுக்கக்கூடிய வரிகளை எடுத்து, மேலதிகாரியின் ஒப்புதல் வாங்கி, பூட்டிய பையில் போட்டு ஆள் மூலம் அனுப்ப வேண்டும். நாடாளுமன்றக் குழு முன்னால் பேசப் போகிற சி.ஐ.ஏ. அதிகாரியை உட்காரவைத்து, என்னென்ன கேட்பார்கள் என்று முன்கூட்டியே கேட்டுப் பழக்குவதும் இவர்கள்தான். அவர் அங்கே “பார்த்துச் சொல்கிறேன்” என்று சொன்ன ஒவ்வொன்றையும் குறித்துக்கொண்டு வந்து, பதில் போய்ச் சேரும்வரை விரட்டுவதும் இவர்கள்தான்.

இதுவரை சொன்னதெல்லாம் கேட்டதற்குப் பதில். கேட்காமலே சொல்ல வேண்டியதும் இருக்கிறது, கஷ்டமே அதில்தான். 1980-இல் வந்த சட்டம், இரண்டு சபைகளின் உளவுக் குழுக்களுக்கும் (உளவு அமைப்புகளைக் கண்காணிக்கிற உறுப்பினர்கள் குழு) முழுமையாகவும் உடனுக்குடனும் தெரியப்படுத்தி வைக்க வேண்டும் என்கிறது. ஏதாவது ஒரு காரியம் கெட்டுப்போனால், “அதைப் பற்றி எங்களை யாரும் கேட்கவில்லையே” என்று தப்பிக்க வழி கிடையாது. அதனால் நாளைக்குப் பேப்பரில் ஒரு செய்தி வரப்போகிறது என்று தெரிந்தால் இன்றைக்கே குழுவுக்குப் போன் போட்டுவிடுவதுதான் நல்ல அதிகாரிக்கு அழகு. பேப்பரைப் பார்த்துத் தெரிந்துகொண்ட செனட்டர் அடுத்த பட்ஜெட்டில் அதை ஞாபகம் வைத்திருப்பார். இன்ன கேள்விக்குப் பதில் வரும்வரை இன்ன தொகையைத் தொடக் கூடாது என்று சட்டத்திலேயே எழுதிவைக்கிற அதிகாரம் அவர்களுக்கு இருக்கிறது.

கேள்வி: இந்த ரகசியக் கூட்டமெல்லாம் எங்கே நடக்கும்? போன் கொண்டுபோகலாமா? (வாசகி, தஞ்சாவூர்)

செனட் குழு இருப்பது செனட்டர்களின் அலுவலகங்கள் இருக்கும் ஹார்ட் கட்டிடத்தில், 219-ஆம் எண் அறை. ஒட்டுக்கேட்க முடியாதபடி கட்டிய இடம். போனை வெளியிலேயே வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். ரகசிய விஷயத்தைப் பற்றிக் குறிப்பெடுத்தால் அந்த நோட்டு அங்கேயே பூட்டுக்குள் போய்விடும், வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது. பிரதிநிதிகள் சபைக் குழுவின் அறை நாடாளுமன்றப் பார்வையாளர் மையத்தில் தரைக்குக் கீழே இருக்கிறது.

உறுப்பினர்களுக்குத் தனியாகப் பின்னணிச் சோதனை கிடையாது, மக்கள் தேர்ந்தெடுத்ததே தகுதி. ஆனால் குழுவின் ஊழியர்கள் எல்லோருக்கும் சோதனை உண்டு. ஒரு எம்.பி.யின் சொந்த உதவியாளர்களில் பெரும்பாலோர் அந்தக் கதவைத் தாண்ட முடியாது. தினசரி உறவு என்று நான் சொல்வது உண்மையில் சி.ஐ.ஏ. ஆட்களுக்கும் இந்தக் குழு ஊழியர்களுக்கும் நடுவில் நடப்பது. செனட்டருக்கு நூறு வேலை. ஆயிரம் பக்கத்தைப் படித்து, போன வருஷம் வேறு மாதிரிச் சொன்னார்களே என்று கண்டுபிடிப்பவர் ஊழியர்.

கேள்வி: ஆரம்பத்திலிருந்தே இவ்வளவு கறாராகத்தான் இருந்தார்களா? (வாசகர், நெய்வேலி)

இல்லவே இல்லை. 1947-இல் சி.ஐ.ஏ. பிறந்தபோது நாடாளுமன்றத்தைக் கவனித்துக்கொள்ள வால்டர் ஃபோர்ஷைமர் என்ற வக்கீல் இருந்தார். படைத்துறைக் குழு, நிதி ஒதுக்கீட்டுக் குழு இரண்டிலும் இருந்த சில மூத்த தலைவர்களைப் பார்த்துப் பேசிவிட்டால் வேலை முடிந்தது. தனிக் குழு கிடையாது. 1949-இல் வந்த சட்டம், ரகசியச் செலவுக்கு இயக்குநரின் சான்றே போதும் என்றது.

தனிக் குழு வேண்டும் என்று செனட்டர் மைக் மான்ஸ்ஃபீல்ட் கொண்டுவந்த தீர்மானம் 1956-இல் 59-க்கு 27 என்று தோற்றது. அந்த விவாதத்தில் செனட்டர் சால்டன்ஸ்டால் சொன்னதைப் படித்தபோது எனக்கு மனசு கஷ்டமாக இருந்தது. சி.ஐ.ஏ. சொல்லத் தயங்கவில்லை, கேட்கத் தயங்குவது நாங்கள்தான், சில விஷயங்கள் எனக்குத் தெரியாமலிருப்பதே நல்லது என்ற பொருளில் பேசினார். மக்கள் அனுப்பிவைத்த ஒருவர், எனக்குத் தெரிய வேண்டாம் என்கிறார். அதற்கப்புறம் பல வருஷங்களுக்கு நடந்த தப்புகளில் பாதிப் பழியை சி.ஐ.ஏ. மேல் போட்டால், மீதிப் பாதியை இந்த மனநிலை மேல்தான் போடுவேன்.

1974 டிசம்பரில் சி.ஐ.ஏ. சொந்த நாட்டு மக்களையே வேவு பார்த்ததை நியூயார்க் டைம்ஸில் சீமோர் ஹெர்ஷ் எழுதினார். அப்புறம்தான் விசாரணைக் குழுக்கள் வந்தன. 1976-இல் செனட்டுக்கும் 1977-இல் பிரதிநிதிகள் சபைக்கும் நிரந்தர உளவுக் குழு வந்தது.

கேள்வி: குழு முன்னால் பொய் சொன்னால் ஜெயிலா? (வாசகர், திருநெல்வேலி)

சட்டப்படி குற்றம்தான். நடந்ததைச் சொல்கிறேன். சி.ஐ.ஏ. இயக்குநராக இருந்த ரிச்சர்ட் ஹெல்ம்ஸை 1973-இல் ஈரானுக்குத் தூதராக அனுப்புவதற்காக செனட் குழு விசாரித்தது. சிலியில் அரசாங்கத்தைக் கவிழ்க்க முயன்றீர்களா என்று கேட்டார்கள். இல்லை என்றார். அது உண்மையில்லை. 1977-இல் நீதிமன்றம் 2,000 டாலர் அபராதமும், நிறுத்திவைத்த இரண்டு வருஷச் சிறைத் தண்டனையும் கொடுத்தது. அன்றைக்கே ஓய்வுபெற்ற சி.ஐ.ஏ. அதிகாரிகளின் மதிய விருந்துக்கு அவர் போனார். எல்லோரும் எழுந்து நின்று கைதட்டி, குப்பைக்கூடையைச் சுற்றுக்கு விட்டு, அபராதத் தொகையை அங்கேயே வசூல் பண்ணிக் கொடுத்தார்கள். நாடாளுமன்றத்துக்கு உண்மை சொல்வதைவிட ரகசியத்தைக் காப்பதுதான் பெரிய கடமை என்று அந்த மனிதர்கள் மனதார நம்பினார்கள்.

1995-இல் காற்று மாறியிருந்தது. கொலைகளோடு தொடர்புடையவர் என்று சந்தேகிக்கப்பட்ட ஒரு குவாத்தமாலா ராணுவ அதிகாரி சி.ஐ.ஏ.விடம் பணம் வாங்கிக்கொண்டிருந்த விஷயம் குழுக்களுக்குச் சொல்லப்படவே இல்லை. வெளியே வந்ததும் இயக்குநர் ஜான் டாய்ச் இரண்டு அதிகாரிகளை வேலையிலிருந்து அனுப்பினார், இன்னும் பலர் மேல் நடவடிக்கை எடுத்தார். நாடாளுமன்றத்துக்குச் சொல்லாமல் விட்டதும் அதற்கு ஒரு காரணம்.

கேள்வி: சொன்னோம் என்று அவர்கள் சொல்ல, சொல்லவில்லை என்று இவர்கள் சொன்னால் யாரை நம்புவது? (வாசகி, கோவை)

நல்ல கேள்வி, ஏனென்றால் சண்டைகளில் பெரும்பாலானவை இப்படித்தான் வருகின்றன. 1984-இல் நிகராகுவா துறைமுகங்களில் கண்ணிவெடி வைக்கும் வேலைக்குப் பின்னால் சி.ஐ.ஏ. இருந்தது. செனட் குழுவுக்குச் சொன்னீர்களா என்றால், சொன்னோம் என்றார் இயக்குநர் வில்லியம் கேசி. இரண்டு மணி நேரத்துக்கும் மேலான பேச்சுக்கு நடுவில் ஒரே ஒரு வாக்கியம்! கேசி வார்த்தைகளை மென்று முழுங்கிப் பேசுகிறவர் என்பதும் ஊரறிந்த விஷயம். அந்த வாக்கியம் பலருக்குக் காதிலேயே விழவில்லை.

குழுத் தலைவர் பாரி கோல்ட்வாட்டர், ஆட்சியிலிருந்த அதே கட்சிக்காரர், சி.ஐ.ஏ.வை எப்போதும் தாங்கிப் பேசுகிறவர். எதுவும் தெரியாமல் சபையில் அரசுக்காக வாதாடிவிட்டு வந்தவருக்கு அப்புறம்தான் உண்மை தெரிந்தது. எனக்குக் கடும் ஆத்திரம் என்று கொச்சையான ஒரு வார்த்தையிலேயே கேசிக்குக் கடிதம் எழுதினார். துணைத் தலைவர் மொய்னிஹான் பதவியை விட்டே விலகுவதாக அறிவித்து, கேசி மன்னிப்புக் கேட்ட பிறகுதான் அதைத் திரும்பப் பெற்றார். ரகசிய நடவடிக்கைகளை எப்படி, எப்போது சொல்வது என்று எழுத்தில் ஒரு ஒப்பந்தமும் அந்த வருஷமே போட்டார்கள். அப்படியும் இரண்டே வருஷத்தில் ஈரானுக்கு ஆயுதம் விற்ற விவகாரம் வெடித்தது, அதையும் குழுக்களுக்குச் சொல்லியிருக்கவில்லை. ஜனாதிபதியின் ஒப்புதல் எழுத்தில் இருக்க வேண்டும் என்று 1991-இல் சட்டம் வந்தது அதனால்தான்.

என்னைக் கேட்டால், ஒரு வாக்கியத்தில் சொல்லிவிட்டு நகர்வது மறைப்பதைவிட மோசம். மறைத்தால் பொறுப்பு ஒருவருக்கு. இதில் கேட்டவரையும் கூட்டாளி ஆக்கிவிடுகிறார்கள்.

கேள்வி: “எட்டுப் பேர் குழு” என்று படித்தேன். அது என்ன? (வாசகர், புதுச்சேரி)

மிக நுட்பமான ரகசிய நடவடிக்கை என்றால் இரண்டு சபைகளின் கட்சித் தலைவர்கள் நான்கு பேர், இரண்டு உளவுக் குழுக்களின் தலைவரும் எதிர்க்கட்சி மூத்தவருமாக நான்கு பேர், ஆக எட்டுப் பேருக்கு மட்டும் சொன்னால் போதும் என்று சட்டம் இடம் தருகிறது.

இதில் இருக்கிற சங்கடத்துக்கு ஒரு கடிதமே சாட்சி. 2001-க்குப் பிறகு இன்னொரு உளவு அமைப்பான என்.எஸ்.ஏ., நீதிமன்ற உத்தரவு இல்லாமல் தொலைத்தொடர்புகளைக் கேட்டுக்கொண்டிருந்தது. அதைப் பற்றி விரல்விட்டு எண்ணக்கூடிய சிலரிடம் மட்டும் சொன்னார்கள். அவர்களில் ஒருவர் செனட்டர் ஜே ராக்ஃபெல்லர். 2003 ஜூலை 17 அன்று துணை ஜனாதிபதி டிக் செய்னிக்குத் தன் கைப்படக் கடிதம் எழுதினார், டைப் அடிக்கக்கூட யாரிடமும் கொடுக்க முடியாது. நான் தொழில்நுட்பம் தெரிந்தவனும் இல்லை, வக்கீலும் இல்லை. என் ஊழியர்களையோ வக்கீலையோ கலந்துகொள்ளவும் முடியாத நிலையில் இதை என்னால் எடைபோட முடியவில்லை, ஆமோதிக்கவும் முடியவில்லை என்பது அதன் சாரம். ஒரு பிரதியை உறையில் போட்டு ஒட்டி, குழுவின் பாதுகாப்பான இடத்தில் வைத்திருப்பதாகவும் எழுதினார். 2005 டிசம்பரில் பத்திரிகைகள் அந்தத் திட்டத்தை வெளிப்படுத்திய பிறகே கடிதம் வெளியே வந்தது.

எனக்கு அந்த ஒட்டிய உறை மறக்காது. ஒரு நாட்டின் செனட்டர், பட்ஜெட்டுக்கு ஓட்டுப் போடுகிறவர், தன் மறுப்பைப் பதிவு செய்ய ஒரு உறைதான் கிடைத்தது. காதில் போட்டாயிற்று என்று அரசு கணக்குக் காட்டிக்கொள்ளும். ஊழியரும் வக்கீலும் இல்லாமல் அவரால் ஒன்றும் செய்ய முடியாது என்பதும் அந்த அரசுக்குத் தெரியும்.

கேள்வி: கண்காணிக்கிற குழுவையே சி.ஐ.ஏ. கண்காணித்ததாமே, உண்மையா? (வாசகர், சேலம்)

உண்மை. சி.ஐ.ஏ. தன் பிடியிலிருந்த கைதிகளைச் சித்திரவதை செய்தது பற்றி செனட் குழு 2009-இல் விசாரணை ஆரம்பித்தது. ஆவணங்கள் அறுபது லட்சம் பக்கங்களுக்கு மேல். அவற்றைக் குழு ஊழியர்கள் சி.ஐ.ஏ. ஏற்பாடு செய்த ஒரு கட்டிடத்தில், சி.ஐ.ஏ. கொடுத்த கம்ப்யூட்டர்களில்தான் படிக்க வேண்டியிருந்தது. அந்தக் கம்ப்யூட்டர்களில் குழு ஊழியர்களுக்கென்று ஒதுக்கிய பகுதியை சி.ஐ.ஏ. தொடக் கூடாது என்பது பேச்சு. தொட்டார்கள். குழுத் தலைவர் டயான் ஃபைன்ஸ்டைன் 2014 மார்ச் 11 அன்று சபையிலேயே எழுந்து போட்டு உடைத்தார். அப்படியெல்லாம் செய்யவே மாட்டோம் என்று அன்று சொன்ன இயக்குநர் ஜான் பிரென்னன் ஜூலையில் மன்னிப்புக் கேட்டார். சி.ஐ.ஏ. ஊழியர்கள் ஐந்து பேர் முறையில்லாமல் உள்ளே நுழைந்ததை அந்த அமைப்பின் சொந்தத் தணிக்கை அதிகாரியே கண்டுபிடித்திருந்தார்.

அந்த டிசம்பரில் 500 பக்கங்களுக்கு மேற்பட்ட சுருக்கம் வெளிவந்தது. 6,700 பக்க முழு அறிக்கை இன்னும் பூட்டுக்குள்தான்.

கேள்வி: நம் நாட்டில்? (ஐந்து பேர் கேட்டிருக்கிறார்கள்)

உள்நாட்டு உளவுக்கான ஐ.பி. 1887-இல் தொடங்கியது, வெளிநாட்டு உளவுக்கான ரா 1968-இல் வந்தது. இரண்டுமே நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தால் உருவானவை இல்லை. இவற்றைக் கண்காணிக்க என்று ஒரு நாடாளுமன்றக் குழுவும் கிடையாது. தகவல் உரிமைச் சட்டத்திலும் இரண்டுக்கும் விலக்கு உண்டு. ஊழல், மனித உரிமை மீறல் பற்றிய தகவலை மட்டும் கேட்கலாம். 2011-இல் மணீஷ் திவாரி ஒரு தனிநபர் மசோதா கொண்டுவந்தார், எம்.பி.க்கள் இருக்கிற மேற்பார்வைக் குழு ஒன்று அதில் இருந்தது. சட்டமாகவில்லை.

அமெரிக்கக் கதையில் இவ்வளவு ஓட்டை இருக்கிறதே, நமக்கு எதற்கு என்று ஒருவர் எழுதியிருக்கிறார். மேலே சொன்ன ஒவ்வொரு தப்பும் நமக்குத் தெரிய வந்ததற்கு, கோபப்பட ஒரு கோல்ட்வாட்டரும், சபையில் எழுந்து நிற்க ஒரு ஃபைன்ஸ்டைனும், இரவெல்லாம் பக்கம் புரட்ட அவர்களுடைய ஊழியர்களும் இருந்தது ஒரு முக்கியக் காரணம், ஐயா. அந்த நாற்காலியே இங்கே இன்னும் போடவில்லை. உங்கள் தொகுதி எம்.பி.யிடம் இதைப் பற்றிக் கேட்டு எழுதுங்கள். என்ன பதில் வந்தது என்று எனக்கும் அனுப்புங்கள், பிரசுரிக்கிறேன்.