வருடச் சந்தாவை மொத்தமாகக் கட்டலாமா?

கேள்வி: வயது 38. வீடு தண்டையார்பேட்டை. பாரிமுனையில் ஒரு கிளியரிங் ஆபீஸில் வேலை, நாள் முழுக்க உட்கார்ந்தேதான். சர்க்கரை பார்டரில் இருக்கிறது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கொடுங்கையூரில் என் நண்பன் போகும் ஜிம்மில் மாதம் 1,500 ரூபாய். ஒரு வருடத்துக்கு மொத்தமாகக் கட்டினால் 12,000. இந்த ஆஃபர் ஞாயிறு வரைதானாம். சேரலாமா?

ஜிம்மில் சேருங்கள். ஆனால் அந்த ஜிம்மில், அந்த 12,000-ஐக் கட்டி வேண்டாம்.

முதலில் சர்க்கரை. வாரத்துக்கு 150 நிமிடமாவது சற்று மூச்சு வாங்கும் வேகத்தில் நடை, அதோடு இரண்டு நாளாவது தசைகளுக்குப் பளு. பெரியவர்களுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு இது. நடைக்கு மாநகராட்சிப் பூங்கா போதும். ஜிம் தேவைப்படுவது இரண்டாவதுக்குத்தான். சாப்பிட்டபின் ரத்தத்தில் ஏறும் சர்க்கரையில் பெரும்பங்கை இழுத்துக்கொள்வது தசை. தொடை, முதுகு மாதிரி பெரிய தசைகளுக்கு வேலை கொடுத்தால் உங்களுக்கு லாபம். ட்ரெட்மில்லில் நடந்துவிட்டு வருவதற்கு மாதம் 1,500 தண்டம்.

அடுத்தது தூரம். கொடுங்கையூர் பக்கத்தில்தானே என்பீர்கள். நடுவில் கொருக்குப்பேட்டை கேட் இருக்கிறதே! கூட்ஸ் வண்டி ஒன்று வந்தால் போதும், பைக்கை அணைத்துவிட்டு நிற்க வேண்டியதுதான். அதில் பாதி நாள் ‘நாளைக்குப் பார்த்துக்கலாம்’ என்று வண்டி திரும்பிவிடும். வடசென்னையில் கிலோமீட்டரை எண்ணாதீர்கள்; கேட்டையும் கன்டெய்னர் லாரியையும் எண்ணுங்கள். மாலையில் மெட்ரோவில் வந்து தண்டையார்பேட்டையில் இறங்குகிறீர்கள் என்றால், ஸ்டேஷனுக்கும் வீட்டுக்கும் நடுவில் இருக்கும் சுமாரான ஜிம்மே உங்களுக்கு நல்ல ஜிம். (பயிற்சி சொல்லித்தரும் நானே ஒருமுறை ஏசி, கண்ணாடியெல்லாம் பார்த்து மயங்கி தூரத்தில் ஒரு வருடத்துக்குக் கட்டினேன். ஏழு வாரம் போயிருப்பேன்.)

இப்போது கணக்கு. மாதம் 12 நாள் வீதம் வருடம் முழுக்கப் போனால் 144 நாள். ஒரு நாளுக்கு 83 ரூபாய், மலிவுதான். மூன்றே மாதத்தில் நின்றுவிட்டால் நாளுக்கு 333. அதே மூன்று மாதத்தை மாதாமாதம் கட்டியிருந்தால் 125. எட்டு மாதம் தாண்டினால்தான் வருடச் சந்தாவில் மிச்சம். இது நம் ஊர்ச் சோம்பல் மட்டுமல்ல. 2006-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், 70 டாலருக்கு மேல் மாதச் சந்தா கட்டியவர்கள் மாதத்துக்குச் சராசரியாக 4.3 முறைதான் ஜிம்முக்குப் போயிருந்தார்கள். முறைக்கு 10 டாலர் பாஸ் இருந்தும், அவர்களுக்கு ஒரு முறைக்கு 17 டாலருக்கு மேல் ஆனது. மூன்று மாதம் மாதாமாதம் கட்டுங்கள். அதற்கப்புறமும் போய்க்கொண்டிருந்தால் வருடத்துக்குக் கட்டலாம். ஞாயிற்றோடு முடியும் ஆஃபர் ஆடிக்கும் வரும், பொங்கலுக்கும் வரும்.

சேருமுன், நீங்கள் போகப்போகிற அதே நேரத்தில், அதாவது இரவு எட்டு மணி வாக்கில், ஒரு நாள் போய் நில்லுங்கள். காலை 11 மணிக்கு எந்த ஜிம்மும் காலியாக, அழகாகத்தான் இருக்கும். மேலிருந்து கீழே இழுக்கும் புல்டவுன் மெஷினின் கம்பியைப் பாருங்கள். பிளாஸ்டிக் உறை கிழிந்து உள்ளே எஃகு இழை பிசிறடித்திருந்தால் வந்த வழியே திரும்பிவிடுங்கள். தலைக்கு மேல் அறுந்தால் விளையாட்டல்ல. மாஸ்டர் உங்கள் பிபி, முதுகுவலி, மாத்திரை பற்றிக் கேட்கிறாரா? கேட்காமலே புரோட்டீன் பவுடர் டப்பாவைக் காட்டினால் அவர் வியாபாரி.

பில் வாங்குங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் ஜிம்முக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம்தான், பழைய 18 இல்லை. வரி என்று கேட்டால் பில்லில் ஜிஎஸ்டி எண் இருக்க வேண்டும். இடையில் நின்றால் பணம் திரும்புமா, சந்தாவை நிறுத்திவைக்க முடியுமா என்பதையும் எழுதி வாங்குங்கள். வாட்ஸ்அப் செய்தியாக இருந்தாலும் சரி. தகராறு வந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

அப்புறம், ஷூவையும் துண்டையும் காலையிலேயே ஆபீஸ் பையில் போட்டுக்கொள்ளுங்கள். ‘வீட்டுக்குப் போய் மாற்றிக்கொண்டு வருகிறேன்’ என்று படியேறினால் தோசைக்கல் சத்தம் கேட்கும்; அன்றைக்கு ஜிம் கிடையாது.