தூக்கமாக இருக்கிறது என்று குளோனசெபத்தை நிறுத்தலாமா?

தம்பி, வலிப்புக்கும் படபடப்புக்கும் 2 வருடமாகக் குளோனசெபம் சாப்பிடும் அம்மா பகலெல்லாம் தூங்கி வழிகிறார், நாளையோடு நிறுத்திவிடலாமா என்று மன்னார்குடியிலிருந்து கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து வேண்டாம். குறுவை நடவு நேரத்தில் மாத்திரை தீர்ந்து, அப்புறம் வாங்கலாம் என்று விட்ட என் அக்கா, சில நாளில் வரப்பிலேயே வலிப்பு வந்து விழுந்தார். பழகிய மருந்தைத் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு முன்பைவிடக் கடுமையாகத் திரும்பலாம், படபடப்பும் கூடும். குறைப்பதானால் மருத்துவர் சொல்லி, வாரக்கணக்கில், கொஞ்சம் கொஞ்சமாகத்தான். இந்தத் தூக்கத்தை அவரிடம் நாளைக்கே சொல்லுங்கள். அளவையோ நேரத்தையோ மாற்றித் தருவார். அதுவரை கோடீன் கலந்த இருமல் சிரப், வேறு தூக்க மாத்திரை எதுவும் சேர்க்காதீர்கள், மூச்சு அடங்கிவிடும் ஆபத்து உண்டு. எழுப்பியும் எழவில்லை, அல்லது வலிப்பு 5 நிமிடம் தாண்டியது என்றால் உடனே 108. கையில் சாவி கொடுத்து நேரத்தைக் கடத்த வேண்டாம்.