மாட்டு விலா எலும்பு எத்தனை மணி நேரம் வேக வேண்டும்?

ஓவனில் 120 டிகிரியில் மூன்று மணி நேரம் வைத்தேன். ரப்பர் மாதிரி இழுக்கிறது. அதிகமாக வெந்துவிட்டதா?

இல்லை, இன்னும் வேகவில்லை. திரும்ப உள்ளே வையுங்கள். கறியின் உள்வெப்பம் 60 டிகிரியைத் தாண்டும்போது சதைநார்கள் சுருங்கிச் சாற்றை வெளியே தள்ளும், கறி இறுகும். விலாக்கறியில் நிறைய இருக்கும் கொலாஜன், அதாவது சதையைக் கட்டிப்பிடித்திருக்கும் முரட்டு நார்ப்புரதம், கரையத் தொடங்குவது 70 டிகிரி வாக்கில்தான், அதுவும் மெல்ல மெல்ல. ஆட்டுக்கால் சூப்பை ஃப்ரிட்ஜில் வைத்தால் கட்டியாக உறைகிறதே, அப்படிக் கரைந்து வரும் ஜெலட்டின்தான் இந்தக் கறியையும் மெத்தென்று ஆக்குகிறது. நீங்கள் இறுகிய கட்டத்தில் எடுத்துவிட்டீர்கள், அவ்வளவுதான்.

தடித்த விலாவுக்கு 120 டிகிரியில் ஆறு முதல் எட்டு மணி நேரம் ஆகும். 135 வைத்தால் ஐந்து, ஆறு. ஆனால் கடிகாரத்தைப் பார்த்து எடுக்காதீர்கள். உள்வெப்பம் 95-ஐ நெருங்கியதும் மெல்லிய கம்பியால் குத்திப் பாருங்கள். தடையில்லாமல் இறங்கினால் எடுக்கலாம், இல்லையென்றால் இன்னும் அரை மணி நேரம். என்னிடம் வரும் புகார்களில் பெரும்பாலானவை சீக்கிரம் எடுத்ததால் வந்தவை.

உள்வெப்பம் 70-க்கு வந்து வெகுநேரமாக நகரவே இல்லை. ஓவனில் கோளாறா?

ஓவன் நன்றாகத்தான் இருக்கிறது. கறியின் மேலுள்ள ஈரம் ஆவியாகும்போது வெப்பத்தையும் எடுத்துக்கொண்டு போகிறது. அமெரிக்காவின் டெக்சாஸில் விறகுப் புகையில் வாட்டுபவர்களுக்கும் இதே கதைதான், 'ஸ்டால்' என்பார்கள். அவசரமென்றால் அலுமினியத் தாளில் இறுகச் சுற்றுங்கள். மேல்பக்கம் நன்றாகக் கருத்த பிறகு சுற்றினால்தான் அந்த மொறுமொறுப்பு கொஞ்சமாவது மிஞ்சும்.

சென்னையில் இருக்கிறேன். கடையில் என்ன சொல்லிக் கேட்பது?

கத்தியை எடுக்கும் முன்பே சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் குழம்புக்கு வெட்டுவது போல வெட்டிவிடுவார்கள். மூன்று நான்கு எலும்பு சேர்ந்தபடி, நீளமாக வேண்டும். வயிற்றை நோக்கிய கீழ்ப்பக்க விலாவில்தான் எலும்பின் மேல் தடியாகச் சதை இருக்கும். முதுகுப்பக்க விலாவில் எலும்புகளுக்கு நடுவில் மட்டும்தான் சதை.

இன்னொன்று. நம் ஊரில் எருமைக்கறியும் வயதான மாட்டுக்கறியும்தான் அதிகம் கிடைக்கும். கொழுப்பு குறைவு, கொலாஜன் இறுகியிருக்கும். டெக்சாஸ்காரர்கள் போல மணிக்கணக்கில் திறந்து வைத்தால் காய்ந்துவிடும். ஆகவே இரும்புச் சட்டியில் எல்லாப் பக்கமும் சிவக்க வாட்டி, அப்புறம் ட்ரேயில் வெங்காயம், ஒரு கப் தண்ணீரோடு வைத்து இறுக மூடி ஓவனுக்குள் தள்ளுங்கள். கடைசி அரை மணி நேரம் மட்டும் திறந்தால் போதும்.

சீக்கிரம் வேகப் பப்பாளிக்காய் அரைத்துத் தடவலாமா?

வேண்டாம். மேல்பக்கம் கூழாகும், உள்ளே ஒன்றும் நடக்காது.

மசாலா?

எலும்போடு ஒரு கிலோவுக்குப் பத்து கிராம் உப்பு, முந்தின இரவே தடவி ஃப்ரிட்ஜில். ஓவனில் வைக்கும் முன் கொரகொரப்பாக இடித்த மிளகு, தாராளமாக. வறுத்துப் பொடித்த மல்லி கொஞ்சம் சேர்த்தால் எனக்குப் பிடிக்கும். இஞ்சி பூண்டு விழுது மேல்பக்கத்தை ஈரமாகவே வைத்திருக்கும், அதனால் திறந்து வாட்டுவதற்குச் சரிவராது. மூடி வேகவைப்பவர்கள் சேர்க்கலாம்.

ஓவன் இல்லை. குக்கரில் முடியுமா?

முடியும். பிரஷருக்குள் வெப்பம் 120 டிகிரியை ஒட்டி ஏறுவதால் கொலாஜன் வேகமாகக் கரையும். விசில் வந்ததும் சிம்மில் 45 நிமிடம், எருமைக்கறி என்றால் ஒரு மணி நேரம். தண்ணீர் வற்றாத அளவு இருக்கட்டும். பிரஷர் தானாக இறங்கிய பிறகு திறந்து, துண்டுகளை எடுத்து இரும்புக்கல்லில் வாட்டுங்கள்.

முந்தின நாளே செய்து வைக்கலாமா?

தாராளமாக. சாற்றோடு சேர்த்து இரண்டு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள். மறுநாள் உறைந்த கொழுப்பை எடுத்துவிட்டு, மூடியபடி 150 டிகிரியில் உள்ளே வரை சூடேற்றுங்கள். வழித்த கொழுப்பைக் கொட்ட வேண்டாம், உருளைக்கிழங்கு வறுக்க அதைவிட நல்லது கிடையாது.