கருப்பட்டிப் பாகு என்று எழுதிய குடுவை

கேள்வி: நான் பல்கலைக்கழகத்தில் கரிம வேதியியல் ஆராய்ச்சி மாணவி, இரண்டாம் ஆண்டு. எட்டு மாதமாக ஒரே கிரிக்னார்டு வினையோடு (ஈதரில் மெக்னீசியத்தைக் கரிமச் சேர்மத்தோடு வினைப்படுத்தும் முறை) போராடுகிறேன். சில நாள் மெக்னீசியம் போட்டபடியே கிடக்கிறது. சில நாள் வினை தொடங்கிப் பழுப்புப் பிசினில் முடிகிறது. போன வாரம் சீனியர்கள் என் குடுவையில் ‘கருப்பட்டிப் பாகு’ என்று லேபிள் ஒட்டிவிட்டார்கள். லேப் முழுவதும் சிரித்தது. நானும் சிரித்துவிட்டு, விடுதிக்கு வந்து அழுதேன். ஊருக்குப் போகும் பஸ்ஸில், என் மேல் வீசிய பிரிடின் என்ற கரைப்பானின் நாற்றம் தாங்காமல் பக்கத்தில் இருந்த அம்மா எழுந்து போனார். இந்தத் துறைக்கு நான் லாயக்கில்லையா?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்பு மகளே,

அந்த லேபிளை இன்றே கிழித்துப் போடு. அது உன்னை அழவைத்தது என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், அது பொய் லேபிள். உள்ளே என்ன இருக்கிறது, எந்தக் கரைப்பானில், எந்தத் தேதியில், யார் செய்தது, நோட்டில் எந்தப் பக்கம்: குடுவையின் மேல் இவை மட்டும்தான் இருக்கலாம். இரவு பதினொரு மணிக்குக் குடுவை தேடி வருகிற வேறொருவர் அந்த எழுத்தை நம்பித்தான் அதைத் தொடுவார். உள்ளே சட்டென்று தீப்பற்றும் ஈதர் மிச்சம் இருந்தால் என்ன ஆகும்? “அண்ணா, வாயால் எவ்வளவு வேண்டுமானாலும் கேலி செய்யுங்கள், குடுவையில் எழுதாதீர்கள்” என்று நேராகச் சொல். நல்ல வேதியியலாளர் யாரும் இதற்குக் கோபப்பட மாட்டார்.

1976இல் லண்டன் குயீன் எலிசபெத் கல்லூரியில், குளோரின் சேர்த்த சர்க்கரைச் சேர்மம் ஒன்றை ‘டெஸ்ட்’ செய்யும்படி பேராசிரியர் லெஸ்லி ஹஃப் சொன்னார். சசிகாந்த் பட்னிஸ் என்ற நம் நாட்டு ஆய்வாளர் காதில் அது ‘டேஸ்ட்’ என்று விழுந்ததாகச் சொல்வார்கள். அவர் நாக்கில் வைத்துப் பார்த்தார். சர்க்கரையைப் போல ஏறக்குறைய 600 மடங்கு இனிக்கும் சுக்ரலோஸ் என்ற செயற்கை இனிப்பு அப்படித்தான் கிடைத்தது. லேபுகளில் இந்தக் கதையைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறோம். அது இனித்ததால்தான் சிரிக்க முடிகிறது. அங்கே பிசகியது ஒரே ஒரு சொல்.

இனி அந்தச் சிரிப்பு. பிசினாகிப் போன வினைக்குச் சமையலறைப் பெயர் வைப்பது லேபுகளின் பழக்கம். என் காலத்தில் ‘வண்டி மை’ என்றும் ‘பஞ்சாமிர்தம்’ என்றும் பெயர்கள் இருந்தன. பெயர் வைத்தவருக்கே அடுத்த மாதம் அந்தப் பெயர் திரும்பி வரும். ஆயுத பூஜையன்று எல்லாக் கருவிகளுக்கும் சந்தனம், குங்குமம் வைப்போம். வெற்றிடப் பம்பின் முன்னால் மட்டும் கொஞ்சம் அதிக நேரம் கும்பிடுவோம், அது எப்போது நிற்கும் என்று யாருக்கும் தெரியாது. பத்து மணி நேர உழைப்பு ஒரு நிமிடத்தில் கறுத்துப் போகிற தொழிலில், சிரிக்காமல் மறுநாள் காலை கோட்டை மாட்டிக்கொள்வது கடினம்.

கேலிக்கு ஆளானவர் திறமையில்லாதவர் என்று நினைத்துவிடாதே. பாரிஸின் வேதியியலாளர் டூமா, ஒரு சேர்மத்தில் ஹைட்ரஜனை எடுத்துவிட்டு அந்த இடத்தில் குளோரினை வைத்தாலும் அதன் அடிப்படைக் குணம் மாறாது என்றார். ஜெர்மனியின் வேதியியலாளர் வோலர் 1840இல் அதைக் கேலி செய்து ஒரு கடிதம் எழுதினார்: மாங்கனீசு அசிட்டேட்டின் அணுக்கள் அத்தனையையும் குளோரினாக மாற்றிவிட்டேன், குணம் மாறவில்லை, லண்டன் கடைகளில் குளோரின் நூலில் நெய்த துணி விற்கிறது என்று. அவருடைய நண்பரான வேதியியலாளர் லீபிக் அதைத் தம் ஆய்விதழிலேயே அச்சிட்டார். கடிதத்தின் கீழே எஸ்.சி.எச். விண்ட்லர் என்று பெயர். சேர்த்துப் படித்தால் ‘ஷ்விண்ட்லர்’, ஜெர்மன் மொழியில் ஏமாற்றுக்காரன். வேதியியல் உலகம் டூமாவைப் பார்த்துச் சிரித்தது. அவர் பேசிய பதிலீட்டு வினையை இன்று பள்ளிப் பிள்ளைகள் படிக்கிறார்கள்.

ஒன்றை மட்டும் கவனி. பிசினைப் பார்த்துச் சிரிக்கிறவர்கள் மாலையில் உன்னோடு நின்று, வினை எதுவரை போயிருக்கிறது என்று காட்டும் டிஎல்சி தட்டைப் பார்ப்பார்கள். உன்னைப் பார்த்துச் சிரிக்கிறவர்கள் பார்க்க மாட்டார்கள். இரண்டாவது வகை என்றால் உன் ஆய்வு வழிகாட்டியான கைடிடம் சொல். பொறுத்துப் போக வேண்டியதில்லை.

பஸ் விஷயம் எனக்குக் கவலை தருகிறது. பக்கத்து இருக்கைக்குப் பிரிடின் மணந்தது என்றால், அதற்கு முன்பே அது உன் நுரையீரலுக்குப் போயிருக்கிறது. ஆவியை வெளியே உறிஞ்சும் ஃபியூம் ஹூடின் கண்ணாடியை இறக்கி வைத்து வேலை செய். பிரிடினை வெளியே மேசையில் வைத்து அளக்காதே. லேப் கோட்டு லேபிலேயே இருக்கட்டும், அம்மா துவைக்கும் துணிகளோடு சேர வேண்டாம்.

எட்டு மாதத் தோல்வி உன் திறமையைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. உன் ஈதரைப் பற்றி ஏதோ சொல்கிறது. விக்டர் கிரிக்னார்டு 1900இல் வெளியிட்டு, 1912இல் நோபல் பரிசு பெற்ற வினை அது. இன்றும் ஒரு துளி ஈரம் அதைக் கெடுத்துவிடும். அதுவும் நம் ஊர் ஐப்பசி, கார்த்திகைக் காற்றில்! உன் சேர்மத்தை ஒரு வாரம் மூடி வை. குடுவைகளை இரவு முழுவதும் 120 டிகிரி அடுப்பில் காயவிடு. மெக்னீசியச் சீவலை உலர்ந்த கல்வத்தில் லேசாக நசுக்கினால் புது உலோகம் வெளியே தெரியும். சோடியமும் பென்சோபீனோனும் போட்ட ஈதரில் நீலம் நிலைத்தால்தான் அது காய்ந்திருக்கிறது. அந்த ஈதரை வடித்தெடுக்கும் வேலையைச் சீனியர் உடன் இல்லாமல் செய்யாதே. அயோடின் படிகம் ஒன்று போட்டு, பழுப்பு நிறம் மறைகிறதா என்று பார்.

பிறகு புரோமோபென்சீனையும் பென்சோபீனோனையும் வைத்துப் பாடப்புத்தக வினையைச் செய். டிரைபீனைல்மெத்தனால் வெள்ளைப் படிகமாக வர வேண்டும். வந்தால் உன் கையும் கரைப்பானும் சரி, குறை உன் சேர்மத்தில் இருக்கிறது. வராவிட்டால் கரைப்பானிலிருந்து மறுபடி தொடங்கு. சித்திரை வெயிலுக்கு முன்பே முடித்துக்கொள். ஈதர் 34.6 டிகிரியில் கொதிப்பது, மின்விசிறி மட்டும் ஓடும் லேபில் அப்போது குடுவைக்கு வெளியிலேயே நடக்கும்.

அந்த வெள்ளைப் படிகத்தின் உருகுநிலை 162 டிகிரி பக்கம் வந்ததா என்று எனக்கு எழுது.