வாசகர் கேள்வி பதில்: புதுப் பாம்பு வந்திருக்கு, மைட் இருக்கான்னு எப்படிப் பாக்குறது?

கேள்வி: வணக்கம் சார். போன வாரம் ஒரு குட்டி பால் பைத்தான் வாங்கினேன். எப்பப் பாத்தாலும் தண்ணிக் கிண்ணத்துக்குள்ளயே சுருண்டு கெடக்கு. மைட் இருக்கும்னு ஃப்ரெண்டு பயமுறுத்துறான். உடம்பு பூரா பாத்துட்டேன், ஒண்ணும் தெரியல. அப்ப இல்லன்னு முடிவு பண்ணிடலாமா?

பதில்: இப்பவே முடிவு பண்ணாதீங்க. இந்த மைட்ங்கிறது பாம்போட ரத்தம் குடிக்கிற பொடி உண்ணி, அது பாம்பு மேலயே குடியிருக்குற ஜீவன் இல்ல, ரத்தம் குடிக்க ஏறும், குடிச்சு முடிச்சதும் எறங்கிப் போய் பாம்ப வச்சிருக்குற டப்போட மூலை, மூடி விளிம்பு, ஒளிஞ்சுக்குற பெட்டிக்கு அடின்னு இருட்டா ஈரமா இருக்குற இடுக்குல பூந்துக்கும், முட்டையும் அங்கதான் போடும். அதனால பாம்ப மட்டும் பாத்தா பாதி சோதனைதான் ஆச்சு.

மொதல்ல அந்தக் கிண்ணத்தையே பாருங்க. தண்ணிய வெள்ளைத் தட்டுல ஊத்தி வெளிச்சத்துல வைங்க, அடியில மிளகுத்தூள் தூவின மாதிரி கருப்புப் புள்ளிங்க கெடந்தா அது பெரும்பாலும் முங்கிச் செத்த மைட்தான். அரிப்பு தாங்காமதான் பாம்பு தண்ணிக்குள்ள போய்ப் படுக்குது. ஆனா டப்புல சூடு ஜாஸ்தின்னாலும், சட்டை உரிக்கப் போற நேரத்துலயும், ஒளிய சரியான எடம் இல்லன்னாலும் இதே மாதிரி கெடக்கும், அதையும் மனசுல வச்சுக்கங்க.

அடுத்தது டிஷ்யூ. வெள்ளை டிஷ்யூவ லேசா நனைச்சு உள்ளங்கையில வச்சு, பாம்பு கழுத்துலருந்து வால் வரைக்கும் அதுக்குள்ள தானா ஊர்ந்து போற மாதிரி விடுங்க, இறுக்கிப் பிடிக்க வேணாம். அப்புறம் பிரிச்சுப் பாருங்க. கருப்புப் புள்ளி இருந்தா நகத்தால நசுக்குங்க, ரத்தம் குடிச்ச மைட்டா இருந்தா செவப்பா இல்ல பழுப்பா கறை இழுக்கும், மண்ணு அப்படி இழுக்காது. கருப்பு, கரும்பழுப்புப் பாம்புங்களுக்கு இதுதான் எனக்குத் தெரிஞ்சு நம்பிக்கையான வழி, கண்ணால பாத்துக் கண்டுபிடிக்கிறது ரொம்பக் கஷ்டம்.

டார்ச்சும் ஒரு லென்ஸும் எடுத்து தலையப் பாருங்க. வயசுக்கு வந்த மைட்டே சுமார் 1 மில்லிமீட்டர்தான், குட்டிங்க இன்னும் சின்னது. கண்ணச் சுத்தி செதிலுக்கும் கண்ண மூடியிருக்குற கண்ணாடி மாதிரி செதிலுக்கும் நடுவுல ஒரு மெல்லிசான பள்ளம் இருக்குல்ல, அதுல தலைய உள்ள விட்டு உடம்ப வெளிய நீட்டிட்டு உக்காந்திருக்கும், கண்ணோட விளிம்பே லேசா வீங்கி எழும்பினாப்ல தெரியும். பால் பைத்தானுக்கு மேலுதட்டுல சூடு உணர்ற குழிங்க வரிசையா இருக்கும், ஒவ்வொண்ணா பாக்கணும். தாடைக்கு அடியில நடுவுல ஓடுற மடிப்பு, வால் ஆரம்பிக்கிற எடத்துல இருக்குற கழிவுத் துவாரம், இந்த ரெண்டையும் நெறைய பேர் பாக்காமலே விட்டுடுறாங்க. செதில் மேல வெள்ளையா பவுடர் மாதிரி ஒட்டியிருந்தா அது மைட்டோட எச்சம். சட்டை உரிச்சா அதத் தூக்கிப் போடாதீங்க, கண்ணுப் பக்கத்த விரிச்சு வச்சுப் பாருங்க.

எல்லாம் பாத்து ஒண்ணும் கெடைக்கலன்னாலும் 1 மாசமாவது தனி ரூம்ல வைங்க, 3 மாசம் வச்சா இன்னும் நிம்மதி. முட்டை பொரிஞ்சு பெருசாக சூட்டப் பொறுத்து ரெண்டு மூணு வாரம் ஆகும், இன்னைக்கு முட்டையா இருக்குறது இன்னைக்குக் கண்ணுல படாது. அதுவரைக்கும் மரத்தூள் தேங்கா நார் எல்லாம் வேணாம், வெறும் வெள்ளைப் பேப்பர் போதும், அழகா இருக்காதுதான், ஆனா ஊர்றது பளிச்சுன்னு தெரியும். வேற பாம்பு இருந்தா அதுங்க வேலைய முடிச்சுட்டு கடைசியா புதுசுகிட்ட போங்க.

கேள்வி: என் கார்ன் ஸ்னேக்குக்கு மைட் இருக்குறது உறுதியாயிடுச்சு. வீட்டுல கரப்பான் ஸ்ப்ரே இருக்கு, லேசா அடிக்கலாமா?

பதில்: ஐயோ, வேணவே வேணாம். மைட்டுக்கு முன்னாடி பாம்பு போயிடும். ஊர்வனவற்றப் பாக்குற வெட் டாக்டர்கிட்ட போங்க, ஃபிப்ரோனில், பெர்மெத்ரின் மாதிரி மருந்துங்கள எவ்வளவு, எப்படி, பாம்பு மேலயா டப்புலயான்னு அவர்தான் சொல்லணும், அளவு தப்பினா அதுங்களும் விஷம்தான். வீட்டுல ஆமை இருந்தா மறக்காம சொல்லிடுங்க, மைட்டுக்குக் குடுக்குற ஐவர்மெக்டின்ங்கிற இன்னொரு மருந்து ஆமைக்கு உயிருக்கே ஆபத்து. பூனை இருந்தா பெர்மெத்ரின் பக்கத்துலயே வரக்கூடாது.

வெதுவெதுப்பான தண்ணியில ஊற வச்சா உடம்புல இருக்குறது கொஞ்சம் சாகும், ஆனா பாம்பு தலைய வெளிய நீட்டிட்டே இருக்கும், மைட் எல்லாம் ஏறித் தலைக்குப் போயிடும், அதனால இது மட்டும் வைத்தியம் ஆகாது. டப்புல இருக்குற பேப்பர், மரத்தூள், மரக்கட்டை எல்லாத்தையும் கவர்ல கட்டி வெளிய போடுங்க, டப்ப சுடுதண்ணி சோப்பு போட்டு இடுக்கு இடுக்கா தேயுங்க. ஒரு தடவையில முடியாது, முட்டை பொரியப் பொரிய மறுபடி செய்யணும். பாம்பு சோர்ந்து கெடந்தா, வாய்க்குள்ள வெளுத்துப் போயிருந்தா ரத்தம் கொறஞ்சிருக்கலாம், காத்திருக்காம தூக்கிட்டு ஓடுங்க.

கேள்வி: மரத்தூள்ல வெள்ளையா, பொடியா ஏதோ ஊருது. இதுவும் அதுதானா?

பதில்: பெரும்பாலும் இல்ல. ஈரமான மரத்தூள்ல மக்குனதத் தின்னுட்டுத் திரியற வேற மைட்டா இருக்கும், பாம்ப ஒண்ணும் பண்ணாது. தூள மாத்தி, ஈரத்தக் கொறைச்சாலே போயிடும். இருந்தாலும் அந்த டிஷ்யூ சோதனைய ஒரு தடவ பண்ணிடுங்க, ஏன்னா ரத்தம் குடிக்காத குட்டி மைட்டும் வெளிறித்தான் இருக்கும்.

கேள்வி: இது நம்மளக் கடிக்குமா?

பதில்: எப்பவாச்சும் கடிக்கும், செவப்பா தடிச்சு அரிக்கும். நம்ம உடம்புல தங்காது. ஆனா சட்டைக் கையில ஒட்டிட்டு அடுத்த டப்புக்குப் போயிடும், அதனால கை கழுவி துணிய மாத்திட்டுப் போங்க.