விலை கேட்டவர்கள் ஏன் வாங்காமல் போகிறார்கள்? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: கண்டாங்கிச் சேலைகளை நெசவாளர்களிடம் நேரடியாக வாங்கி, இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் வழியாக இரண்டு ஆண்டுகளாக விற்று வருகிறேன். பதினோராயிரம் பேர் பின்தொடர்கிறார்கள். ஆனால் விலை கேட்பவர்களில் பெரும்பாலோர் அத்துடன் நின்றுவிடுகிறார்கள். "பணம் அனுப்பினால் சேலை வந்து சேருமா?" என்றுகூடச் சிலர் கேட்கிறார்கள். என்ன செய்வது?
– வாசகி, காரைக்குடி

பதில்: அந்தக் கேள்விக்காக வருந்தாதீர்கள். கடைக்கு வருபவர் சேலையைத் தொட்டுப் பார்த்து, முந்தானையைப் பிரித்துப் பார்த்து, பிடிக்காவிட்டால் எழுந்து போய்விடலாம். உங்களிடம் வாங்குபவரோ முகம் தெரியாத ஒருவருக்குக் கூகுள் பேயில் பணத்தை அனுப்பிவிட்டுக் கூரியருக்காகக் காத்திருக்க வேண்டும். ஏதாவது தவறு நேர்ந்தால் யாரிடம் போய்க் கேட்பது என்பதற்கான விடையைத்தான் அவர் உங்கள் பக்கத்தில் தேடுகிறார்.

நீங்கள் அனுப்பியிருந்த பதிவுகளைப் பார்த்தேன். ஏறக்குறைய எல்லாவற்றின் கீழும் "விலைக்கு இன்பாக்ஸ் வரவும்" என்றே இருக்கிறது. அப்படி எழுதினால் விசாரிப்பவர்கள் கூடுவார்கள் என்று யாரோ உங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும். படிப்பவருக்கோ ஆளுக்கொரு விலை சொல்வார்கள் போலும் என்ற ஐயமே எழும். விலை, நீளம், ரவிக்கைத் துணி உண்டா இல்லையா, கூரியர் செலவு, எத்தனை நாளுக்குள் மாற்றித் தருவீர்கள் ஆகியவற்றைப் படத்தின் கீழேயே எழுதுங்கள். வாட்ஸ்அப் பிசினஸ் செயலியில் முகவரி, வேலை நேரம், விலையுடன் கூடிய கேட்டலாக் ஆகியவற்றைச் செலவில்லாமல் வைத்துக்கொள்ளலாம்.

அடுத்தது நிறம். அரக்கு நிறம் சில அலைபேசிகளில் அப்பட்டமான சிவப்பாகத் தெரியும். சண்டை பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகிறது. நேர் வெயில் விழாத முற்றத்தில் பகல் வெளிச்சத்தில் ஒரு படம், வீட்டு விளக்கொளியில் ஒரு படம், கரையின் மேல் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்து ஒரு படம் என மூன்று படங்கள் இருந்தால், நிறமும் கரையின் அகலமும் வாங்குபவருக்கே விளங்கிவிடும். முதல் சலவையில் சாயம் இறங்குமானால் அதையும், கைத்தறியில் ஆங்காங்கே சிறு முடிச்சு இருக்கும் என்பதையும் பணம் வாங்குவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். பணம் வாங்கிய பிறகு சொன்னால் அதே உண்மை சாக்காகத்தான் கேட்கும்.

கண்டாங்கிச் சேலை 2019இல் புவிசார் குறியீடு (குறிப்பிட்ட ஊருக்கே உரிய பொருள் என்ற சட்ட அங்கீகாரம்) பெற்றது. அந்தப் பெயரை நாடி வருபவர்களிடம் கட்டம் போட்ட விசைத்தறிச் சேலையையும் அதே பெயரில் தள்ளிவிடும் ஆசை எவருக்கும் வரும். உங்களிடம் விசைத்தறிச் சரக்கும் இருந்தால் அதை விசைத்தறி என்றே எழுதி, குறைந்த விலையில் தனியாக வையுங்கள். பெயரின் மதிப்பை உங்கள் ஊர் அறியாததன்று. பர்மாவிலும் மலாயாவிலும் கடை வைத்திருந்த நகரத்தார், ஓர் ஊரில் எழுதிக் கொடுத்த உண்டியல் சீட்டு (பணம் கொடுக்கச் சொல்லும் கடிதம்) வேறோர் ஊரில் பணமானது என்றால், அதை எழுதிக் கொடுத்தவரின் பெயருக்கு இருந்த மதிப்பே காரணம்.

கேள்வி: நான் ஏ.சி. பழுதுபார்க்கும் தொழில் செய்கிறேன். கூகுள் மேப்பில் ஐந்து நட்சத்திர மதிப்புரைகளை மொத்தமாக விலைக்குத் தருவதாக ஒருவர் சொல்கிறார். போட்டியாளர்கள் எல்லாம் வாங்கிவிட்டார்களாம். நானும் வாங்கலாமா?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: வேண்டாம். 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள், இணையத்தில் பொருளோ சேவையோ விற்பவர் தம்மை நுகர்வோராகக் காட்டிக்கொண்டு மதிப்புரை எழுதுவதைத் தடை செய்கின்றன. இந்திய தர நிர்ணய அமைவனம் 2022 நவம்பரில் கொண்டுவந்த ஐ.எஸ். 19000 தரநிலையும், அது கட்டாயமானதாக இல்லாவிட்டாலும், விலைக்கு வாங்கிய மதிப்புரைகளை வெளியிடக் கூடாது என்கிறது. கூகுள் கண்டுபிடித்தால் அவற்றை நீக்கிவிடும். உண்மையாக எழுதியவர்களின் சொல்லும் அந்தக் கூட்டத்தோடு சேர்ந்து சந்தேகத்துக்கு உள்ளாகும்.

வேலை முடிந்து, குளிர்ந்த காற்று வந்து, வீட்டுக்காரர் மகிழ்ந்திருக்கும் அந்த ஐந்து நிமிடத்தில் உங்கள் மெக்கானிக் மதிப்புரைக்கான இணைப்பை அனுப்பிக் கேட்கட்டும். அதற்குத் தள்ளுபடி தராதீர்கள். அதையும் கூகுள் அனுமதிப்பதில்லை. "சூப்பர் சர்வீஸ்" என்ற நாற்பது வரிகளைவிட, "சொன்ன நேரத்துக்கு வந்தார், கெபாசிட்டரை மாற்றினார், பழையதைக் கையில் கொடுத்துவிட்டுப் போனார்" என்ற ஒரே மதிப்புரை உங்களுக்கு அதிக வேலை கொண்டுவரும்.

கேள்வி: வீட்டில் பொடி வகைகள் செய்து விற்கிறேன். பருப்புப் பொடியில் பூசணம் பிடித்திருந்ததாக ஒருவர் ஃபேஸ்புக்கில் எழுதியதை நீக்கிவிட்டேன். இப்போது அவர் படத்துடன் மறுபடியும் எழுதியிருக்கிறார்.
– வாசகி, திருநெல்வேலி

பதில்: நீக்கியதுதான் தவறு. முதல் முறை அது பூசணத்தைப் பற்றிய புகாராக மட்டுமே இருந்தது. இப்போது மறைத்தீர்கள் என்ற புகாரும் சேர்ந்துவிட்டது. அதே இடத்தில், எல்லாரும் பார்க்கும்படி இப்படி எழுதலாம்: "உங்கள் முதல் பதிவை நீக்கியது என் தவறு, மன்னியுங்கள். பாக்கெட்டில் உள்ள தயாரித்த தேதியைத் தெரிவியுங்கள். அதே நாளில் அரைத்த பொடியை வாங்கிய மற்றவர்களிடமும் விசாரிக்கிறேன். பணத்தை இன்றே திருப்பி அனுப்புகிறேன்." வங்கி விவரம், முகவரி ஆகியவற்றை மட்டும் தனிச்செய்தியில் கேளுங்கள்.

விசாரித்ததில் என்ன தெரிந்தது, வறுத்த பருப்பு ஆறுமுன் அரைத்தீர்களா, பாக்கெட்டின் வாய் சரியாக ஒட்டவில்லையா என்பதை இரண்டு நாள் கழித்து அங்கேயே எழுதுங்கள். உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. வழங்கிய 14 இலக்கப் பதிவு எண்ணைப் பக்கத்தின் அறிமுகத்திலும் லேபிளிலும் போடுங்கள். இன்னும் வாங்கவில்லையென்றால் வாங்கிவிடுங்கள்; உணவு விற்பனைக்கு அது சட்டப்படி வேண்டியது. பணத்தை அனுப்பியதும் "அனுப்பிவிட்டேன்" என்று அந்தப் பதிவின் கீழேயே ஒரு வரி எழுதுங்கள். அவர் பதில் எழுதாவிட்டாலும் அந்த வரி அங்கே இருக்கட்டும்.