பழைய ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்கு அடிடிவ் ஊற்றலாமா?

மதுரை திருநகரிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் கேட்கிறார்: "என்னுடையது 2009 மாடல் கார், நான்கு கியர் ஆட்டோமேட்டிக். 1,18,000 கி.மீ. ஓடியிருக்கிறது. காலையில் ஸ்டார்ட் செய்து ரிவர்ஸ் போட்டால் இரண்டு மூன்று விநாடி கழித்துத்தான் வண்டி நகர்கிறது. ரிங் ரோட்டில் 55, 60 வேகத்தில் சீராகப் போகும்போது ஒரு அதிர்வு வருகிறது. வண்டி நிற்கும் இடத்தில் சிவப்பாகச் சில சொட்டுகள். ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் கியர்பாக்ஸ் ஆயிலோடு கலக்கும் அடிடிவ் என்று ஒரு பாட்டில் கொடுத்து, ஊற்றினால் எல்லாம் சரியாகிவிடும் என்றார்கள். மெக்கானிக்கோ, இத்தனை வருடம் மாற்றாத ஆயிலை இப்போது தொட்டால் கியர்பாக்ஸே போய்விடும் என்கிறார். மே மாதம் குடும்பத்தோடு கொடைக்கானல் போக வேண்டும். நான் என்ன செய்யட்டும்?"

சார், பாட்டிலை இன்னும் திறக்கவில்லை என்றால் அப்படியே இருக்கட்டும். அதைக் குப்பையில் போடச் சொல்ல மாட்டேன், அதற்கும் ஒரு நேரம் வரலாம். ஆனால் அது கடைசி வேலை. முதல் வேலை டிப்ஸ்டிக்கை உருவிப் பார்ப்பது. நீங்கள் சொன்ன மூன்று குறைகளையும் சேர்த்துப் பார்த்தால், ஆயில் அளவு குறைந்திருக்குமோ என்றுதான் எனக்கு முதலில் தோன்றுகிறது. இன்ஜின் ஆயில் ஓட ஓடக் கொஞ்சம் எரிந்து குறையும். கியர்பாக்ஸ் ஆயில் அப்படி இல்லை. குறைந்திருந்தால் எங்கோ ஒழுகியிருக்கிறது என்றுதான் அர்த்தம்.

பார்க்கும் முறையைச் சொல்கிறேன். வண்டியைப் பத்துப் பதினைந்து கி.மீ. ஓட்டிச் சூடாக்குங்கள். சமதரையில் நிறுத்தி, பிரேக்கை மிதித்தபடி லீவரை ஒவ்வொரு நிலையிலும் இரண்டு விநாடி வைத்து, பார்க்கிங்குக்குக் கொண்டு வாருங்கள். இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே டிப்ஸ்டிக்கை உருவித் துடைத்து, மறுபடி செருகி எடுத்துப் பாருங்கள். ஹோண்டா மாதிரி சில வண்டிகளில் இன்ஜினை அணைத்து ஒன்று, ஒன்றரை நிமிடத்துக்குள் பார்க்க வேண்டும். சிலவற்றில் டிப்ஸ்டிக்கே கிடையாது, அடியில் ஒரு போல்ட்டைக் கழற்றித்தான் அளவு பார்ப்பார்கள். உங்கள் வண்டியின் கையேட்டில் எப்படிப் போட்டிருக்கிறதோ அதுதான் சரி.

அளவைப் பார்த்த கையோடு, டிப்ஸ்டிக்கில் இருக்கும் ஆயிலை ஒரு வெள்ளைப் பருத்தித் துணியில் ஒற்றி எடுங்கள். பழைய வேட்டித் துணி நல்லது. அரை மணி நேரம் அப்படியே காயவிடுங்கள். சிவப்போ இளம் பழுப்போ வட்டமாகப் பரவி, ஓரம் வரை ஒரே நிறமாக இருந்தால் ஆயிலுக்கு இன்னும் உயிர் இருக்கிறது. நடுவில் கறுப்புப் பொட்டு அப்படியே நின்று, சுற்றிலும் பழுப்பு மட்டும் விரிந்தால் கியர்பாக்ஸுக்குள் இருக்கும் கிளட்ச் தட்டுகளின் தூள் அதில் கலந்திருக்கிறது. அப்புறம் முகர்ந்து பாருங்கள். அடிப்பிடித்த எண்ணெய்ச் சட்டி போலக் கருகல் வாடை மூக்கில் ஏறினால் எந்தப் பாட்டிலும் உதவாது. கிளட்ச் தட்டின் மேல் ஒட்டியிருப்பது காகிதம் போன்ற நார்ப்பொருள். கருகிப்போனதை மருந்து ஊற்றித் திரும்ப வளர்க்க முடியாது.

இன்னொரு நிறம் உண்டு, அதுதான் என்னை அதிகம் பயமுறுத்துவது. ரோஸ்மில்க் நிறம். பல கார்களில் கியர்பாக்ஸ் ஆயிலைக் குளிரவைக்கும் குழாய் ரேடியேட்டரின் உள்ளேயே ஓடுகிறது. நம் பக்கம் ரேடியேட்டரில் கூலண்ட் குறைந்தால் போர்வெல் தண்ணீரை ஊற்றுகிற பழக்கம் இருக்கிறது. அந்த உப்புத் தண்ணீர் உள்ளே படிந்து அரித்துக்கொண்டே இருக்கும். ஒருநாள் குழாய் ஓட்டையாகி இரண்டும் கலந்துவிடும். உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து எங்களிடம் வந்த ஒரு வண்டியில் டிப்ஸ்டிக்கை உருவியதும் இளஞ்சிவப்பு நுரைதான் வந்தது. அவர் அதற்கு முன்பே இரண்டு பாட்டில் அடிடிவ் ஊற்றியிருந்தார். தண்ணீர் பட்டால் கிளட்ச் தட்டின் பசை விட்டுவிடும். இரண்டு மாதம் முன்னால் டிப்ஸ்டிக்கைப் பார்த்திருந்தால் ரேடியேட்டர் மாற்றும் செலவோடு போயிருக்கும். நல்ல வண்டி, எனக்கு இன்றும் மனசு ஆறவில்லை. நீங்கள் ரேடியேட்டரில் என்ன ஊற்றுகிறீர்கள் என்பதையும் ஒருமுறை யோசித்துப் பாருங்கள்.

சரி, சொட்டுக்கு வருவோம். இரவில் வண்டிக்கு அடியில் ஒரு பெரிய வெள்ளை அட்டையை விரித்து, சக்கரங்கள் இருக்கும் இடத்தைப் பேனாவால் குறித்து வையுங்கள். காலையில் சொட்டு எங்கே விழுந்திருக்கிறது என்று பாருங்கள். அந்தக் கால வண்டிகள் பலவற்றில் பவர் ஸ்டியரிங் ஆயிலும் சிவப்புதான். கியர்பாக்ஸ் ஒழுகுகிறது என்று வந்து, ஸ்டியரிங் ஹோஸை மாற்றிக்கொண்டு போனவர்கள் உண்டு. ஸ்டியரிங் டப்பாவிலும் அளவு பார்த்துவிடுங்கள். சொட்டு கியர்பாக்ஸுடையதுதான் என்றால், கூலர் ஹோஸிலிருந்தா, அடிச்சட்டியின் கேஸ்கெட்டிலிருந்தா, ஆக்ஸில் சீலிலிருந்தா என்று பார்க்க வேண்டும். ஹோஸ் வெடித்திருந்தால் ஹோஸைத்தான் மாற்ற வேண்டும்.

இப்போது உங்கள் பாட்டில். கடையில் விற்பவை எல்லாம் ஒரே சரக்கு இல்லை. வேலையை வைத்துப் பார்த்தால் பெரும்பாலும் மூன்று வகை.

முதலாவது, ரப்பர் சீலை மிருதுவாக்குவது. பத்துப் பதினைந்து வருடம் சூட்டிலேயே கிடந்த சீல் காய்ந்து இறுகிச் சுருங்கிவிடும். இந்த மருந்து ரப்பருக்குள் ஊறி, அதைக் கொஞ்சம் உப்ப வைக்கும். காலையில் ரிவர்ஸ் தாமதமாக விழுவது, லேசான கசிவு, இவை சீல் இறுகியதால் வந்தவை என்றால் நிஜமாகவே பலன் தெரியும். ஊற்றிய அன்றே தெரியாது, சில நூறு கி.மீ. ஓட வேண்டும். கிழிந்த சீலை அது ஒட்டாது. அளவுக்கு மேல் ஊற்றினால் சீல் கொழகொழத்துப் போகும்.

இரண்டாவது, அதிர்வைக் குறைப்பது. இன்ஜினின் சுழற்சியை ஆயில் வழியாகக் கியர்பாக்ஸுக்குக் கடத்துவது டார்க் கன்வெர்ட்டர். அதற்குள் ஒரு லாக்-அப் கிளட்ச் இருக்கிறது. சீரான வேகத்தில் போகும்போது அந்தக் கிளட்ச் பிடித்துக்கொள்ளும். பிடிக்கும் நேரத்தில் வழுக்கிப் பிடி, வழுக்கிப் பிடி என்று துடித்தால், வரிசையாக வேகத்தடைக் கோடுகள் மேல் ஓடுவது போல் இருக்கும். இதற்குக் காரணம் பெரும்பாலும் ஆயிலில் உள்ள உராய்வைச் சீராக்கும் சேர்மானம் தேய்ந்துபோனதுதான். ஏடிஎஃப், அதாவது ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயில், வெறும் எண்ணெய் இல்லை. உராய்வுக்கு, நுரை வராமல் இருக்க, அழுக்கைக் கரைக்க, சீலைக் காக்க என்று பல சேர்மானங்களோடுதான் அது டப்பாவில் வருகிறது. பாட்டிலில் இருப்பது அதில் ஒன்றிரண்டு மட்டுமே. புது ஆயில் போட்டால் எல்லாமே முழுதாகத் திரும்ப வந்துவிடும். அதனால்தான் ஆயில் மாற்றுவதை முதலிலும் பாட்டிலைப் பிறகும் வைக்கிறேன்.

உங்கள் அதிர்வு இந்த வகைதானா என்பதற்கு ஒரு சோதனை இருக்கிறது. ஆள் நடமாட்டம் இல்லாத சாலையில், பின்னால் வண்டி எதுவும் வராதபோது, அதிர்வு வந்ததும் ஓவர்டிரைவ் (நான்காவது கியர்) பட்டனை அணையுங்கள். அல்லது பழகிய டிரைவர் ஒருவரை, ஆக்ஸிலரேட்டரை அப்படியே வைத்துக்கொண்டு பிரேக்கை மெல்லத் தொடச் சொல்லுங்கள். லாக்-அப் விடுபட்டு அதிர்வு சட்டென்று நின்றால், குற்றம் அங்கேதான். நிற்கவில்லை என்றால் ஸ்பார்க் பிளக்கையும் காயிலையும் பாருங்கள். ஒரு சிலிண்டர் சரியாக எரியாவிட்டாலும் இதே மாதிரிதான் உதறும்.

மூன்றாவது வகை, கெட்டியான திரவம். 'வழுக்கல் நிற்கும்' என்று சொல்லி விற்பார்கள். இன்ஜின் வேகமெடுத்தும் வண்டி அதற்கேற்ப நகராததுதான் வழுக்கல். இந்த மூன்றாவது வகையை நான் யாருக்கும் சொல்வதில்லை. ஆயிலைக் கெட்டியாக்கி, தேய்ந்த பாகத்தின் இடைவெளியை மறைப்பதுதான் அதன் வேலை. கியர்பாக்ஸில் ஆயிலைப் பிரித்து அனுப்பும் வால்வு பாடியில் ஊசி நுழைகிற அளவு வழிகள் இருக்கின்றன. அங்கே மெல்லிய ஆயில்தான் ஓட வேண்டும். பழைய ஆட்டோமேட்டிக் கார் வாங்கப் போகிறவர்கள் டிப்ஸ்டிக்கில் இருக்கும் ஆயிலை இரண்டு விரலால் தொட்டுப் பாருங்கள். தேன் போல இழுத்தால் அந்த வண்டியை விட்டுவிடுங்கள்.

மெக்கானிக் சொன்னதிலும் ஒரு நியாயம் இருக்கிறது. மெஷின் வைத்து அழுத்தத்தோடு கழுவும்போது, ஆண்டுக்கணக்கில் படிந்திருந்த அழுக்கு கிளம்பி அந்தச் சின்ன வழிகளில் அடைத்துக்கொள்ளக்கூடும். தட்டுகள் ஏற்கெனவே தேய்ந்திருந்தால், பழைய ஆயிலில் மிதக்கும் தூளே கொஞ்சம் பிடிப்புக் கொடுத்துக்கொண்டிருக்கும். புது ஆயில் போட்டதும் வண்டி வழுக்க ஆரம்பிக்கும், பழி ஆயில் மேல் விழும். கருகல் வாடை வந்தால் அவர் சொல்வதைக் கேளுங்கள். வாடை இல்லை, வழுக்கல் இல்லை என்றால் மெஷின் வேண்டாம், சாதாரணமாக இறக்கி ஊற்றுங்கள். கியர்பாக்ஸில் மொத்தம் ஆறு லிட்டர் பிடிக்கும், போல்ட்டைக் கழற்றினால் இரண்டரை லிட்டர்தான் இறங்கும் என்று வைத்துக்கொள்வோம். ஒருமுறை மாற்றினால் பழையது 58 சதவீதம் மிஞ்சும், இரண்டாம் முறை 34, மூன்றாம் முறை 20. நடுவில் ஐந்நூறு கி.மீ. ஓட்டுங்கள். பழசு மெல்ல மெல்ல விலகும், உள்ளே எந்த அதிர்ச்சியும் இருக்காது.

முதல் தடவை அடிச்சட்டியைக் கழற்றினால் பக்கத்தில் நின்று பாருங்கள். அதற்குள் சின்னக் காந்தங்கள் இருக்கும். அவற்றின் மேல் கண்மை போல நைசான சாம்பல் பசை படிந்திருந்தால் அது வயதுக்குரிய தேய்மானம், துடைத்து வைத்துவிடலாம். விரலில் குத்துகிற இரும்புத் துணுக்கு இருந்தால் அங்கேயே நிறுத்திப் பேச வேண்டும். ஃபில்டரையும் அப்போதே மாற்றச் சொல்லுங்கள்.

எந்த ஆயில் என்பதில் விட்டுக்கொடுக்காதீர்கள். 'எல்லா வண்டிக்கும் போடலாம்' என்று நீட்டுவதை வாங்க வேண்டாம். டெக்ஸ்ரான்-3, எஸ்பி-3, டி-4, டபிள்யூஎஸ் என்று ஒவ்வொன்றுக்கும் உராய்வுக் கணக்கு வேறு. டொயோட்டாவிலேயே பழைய டி-4 கேட்கும் பெட்டிக்கு, அதைவிட மெல்லிய டபிள்யூஎஸ் ஊற்றக் கூடாது. உங்களுடையது டார்க் கன்வெர்ட்டர் வைத்த நான்கு கியர் பெட்டி என்பதால்தான் இவ்வளவும் சொல்கிறேன். சிவிடி வண்டி வைத்திருப்பவர்கள் இந்த அடிடிவை ஊற்றவே கூடாது. அங்கே பெல்ட்டும் கப்பியும் வழுக்காமல் கவ்வ வேண்டும், இது அதைக் கெடுத்துவிடும். ஏஎம்டி என்பது கியரைத் தானே மாற்றிக்கொள்கிற மேனுவல் பெட்டி, அதில் ஏடிஎஃப் பேச்சே இல்லை.

இரண்டு முறை ஆயில் மாற்றிய பிறகும் காலைத் தாமதமோ லேசான அதிர்வோ மிச்சம் இருந்தால், அப்போது உங்கள் பாட்டிலைத் திறக்கலாம். மேலே சொன்ன முதல் வகையோ இரண்டாம் வகையோதானா, உங்கள் ஆயிலோடு சேருமா என்று லேபிளில் பாருங்கள். வண்டியின் கையேட்டில் அடிடிவ் கூடாது என்று போட்டிருந்தால் அதோடு விட்டுவிடுங்கள். 250 மில்லி ஊற்றப் போகிறீர்கள் என்றால், முதலில் 250 மில்லி ஆயிலை வெளியே எடுங்கள். மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் பெரிய சிரிஞ்சும் மெல்லிய குழாயும் போதும், டிப்ஸ்டிக் வழியாகவே உறிஞ்சிவிடலாம். அளவு கூடினால் சுழலும் பாகங்கள் ஆயிலை அடித்து நுரையாக்கும். நுரையில் அழுத்தம் நிற்காது, குறைவாக இருந்தால் வரும் அதே தொல்லை வரும். ஒரு பாட்டிலோடு நிறுத்துங்கள். அது கேட்கவில்லை என்றால் இரண்டாவதும் கேட்காது.

கொடைக்கானலுக்கு மே மாதம் என்கிறீர்கள். கத்திரி வெயிலில் கோரிப்பாளையம் சிக்னலில் ஊர்ந்து, அதே சூட்டோடு மலையேறுவது பழைய கியர்பாக்ஸுக்குப் பெரிய சோதனை. வெப்பம் பத்து டிகிரி கூடினால் ஆயில் கெடும் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது இந்தத் துறையில் பழகிய கணக்கு. கிளம்பும் முன் ரேடியேட்டருக்கு முன்னால் அடைத்திருக்கும் தூசியையும் பூச்சியையும் மெதுவாகத் தண்ணீர் அடித்துக் கழுவுங்கள். மின்விசிறி சுற்றுகிறதா என்று பாருங்கள். வத்தலகுண்டு தாண்டிக் காட்ரோட்டில் மலை ஆரம்பித்தால் ஏறக்குறைய ஐம்பது கி.மீ. ஏற்றம்தான். ஓவர்டிரைவை அணைத்துவிட்டு ஏறுங்கள், மூன்றுக்கும் நான்குக்கும் மாறி மாறி அலையாமல் இருக்கும். வெள்ளி நீர்வீழ்ச்சியில் நிறுத்தினால் உடனே இன்ஜினை அணைக்க வேண்டாம். பார்க்கிங்கில் போட்டு இரண்டு மூன்று நிமிடம் ஓடவிட்டால், ஆயில் கூலர் வழியாகச் சுற்றி ஆறும். இறங்கும்போது லீவரை இரண்டில் போட்டு இன்ஜின் பிடிப்பிலேயே வாருங்கள்.

ஏறும்போது ஆர்பிஎம் முள் மட்டும் ஏறி வண்டி ஏறவில்லை என்றால், அங்கிருந்தே திரும்பிவிடுங்கள் சார். போவதற்கு முன்பே ரிங் ரோட்டில் அப்படி ஒருமுறை நடந்தாலும், இந்தத் தடவை குடும்பத்தை வாடகை வண்டியில் கூட்டிப் போங்கள்.